டண்டீ: மகளின் பட்டமளிப்புக்குப் போகிறோம், ஐந்து நாளில் எதைப் பார்க்கலாம்?

தாமிரபரணிக்காரன் · மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் படிப்பை முடிக்கிறாள். ஜூன் கடைசியில் கேர்ட் ஹால் என்ற இடத்தில் பட்டமளிப்பு விழா. நானும் வீட்டுக்காரியும் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்புகிறோம். விழாவுக்கு ஒரு நாள் போக, கையில் ஐந்து நாள் இருக்கிறது.

எனக்கு வயது 61. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, படி என்றால் யோசிப்பாள். வெள்ளி, செவ்வாய் சைவம். மற்ற நாட்களில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. மகளைக் கேட்டால், "இங்கே பெரிசா ஒண்ணும் இல்லப்பா, எடின்பரோ போயிடலாம்" என்கிறாள். இத்தனை வருடம் குடியிருந்த ஊரைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. போனவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி · மார்ச் 9

மகள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. எடின்பரோவில் அறை எடுங்கள். கோட்டை, பழைய நகரம் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். டண்டீக்கு ரயிலில் ஒன்றே கால் மணி நேரம்தான், விழாவுக்குக் காலையில் போய் இரவே திரும்பிவிடலாம். நான் இரண்டு வருடம் முன்னால் செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிற வழியில் டண்டீயில் பஸ் மாற இறங்கினேன். காற்றும் கடல்புறாவும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

டே_நதிக்கரை · மார்ச் 10

பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஊருக்கு மதிப்பெண் போடும் ஊர்சுற்றிக்கு முதல் வணக்கம். :)

நான் ஒன்பது வருடமாக டண்டீவாசி. பெரியவர் கேட்டதற்காக விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஊரின் கதையை ஒரு வரியில் சொல்வதென்றால் சணலும் திமிங்கலமும். வங்காளத்திலிருந்து கச்சா சணல் கப்பலில் வரும். அது காய்ந்து விறைத்து இருக்கும், அப்படியே நூற்றால் அறுந்துபோகும். ஏற்கெனவே திமிங்கல வேட்டைக்குப் போய்வந்த ஊர் இது, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. திமிங்கல எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளித்தால் சணல் இளகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் என்ன, உலகத்துக்கே கோணிப்பை இங்கிருந்துதான் போனது. ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த கூலி என்பதால் அவர்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் "கெட்டில் பாய்லர்", அதாவது வீட்டில் கெட்டிலில் வெந்நீர் வைக்கிறவன்.

இதையெல்லாம் பார்க்க வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய ஆலைக்குப் போங்கள். இப்போது அருங்காட்சியகம். இயந்திரங்களை ஓட்டியே காட்டுவார்கள். ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்தக் காலத்துப் பெண்கள் உதட்டைப் பார்த்தும் கைச்சைகையிலும்தான் பேசிக்கொண்டார்களாம். பிற்பாடு டண்டீ இயந்திரங்களும் டண்டீ மேஸ்திரிகளும் கல்கத்தாவுக்கே போய், ஹூக்ளிக் கரையில் ஆலைகள் எழுந்து, டண்டீயின் பிழைப்பு அங்கே போய்விட்டது. தன் கையாலேயே போட்டியாளனை வளர்த்த ஊர்.

உங்கள் மகள் பட்டம் வாங்கப்போகும் கேர்ட் ஹாலும் சணல் பணம்தான். ஜேம்ஸ் கேர்ட் என்ற ஆலை முதலாளி 1914இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். அவர் 1916இல் காலமானார், மண்டபம் 1923இல்தான் திறந்தது. ஷாக்கிள்டனின் தென்துருவப் பயணத்துக்கும் இவர் பணம் கொடுத்திருக்கிறார். கப்பல் பனியில் நொறுங்கிய பிறகு, உதவி தேடி சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைத் தாண்டிய அந்தச் சின்னப் படகின் பெயரே "ஜேம்ஸ் கேர்ட்" தான். மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே டிஸ்கவரி கப்பல் நிற்கிறது. 1901இல் இங்கேயே கட்டிய மரக்கப்பல். ராபர்ட் ஸ்காட் என்ற துருவப் பயணியும் ஷாக்கிள்டனும் இதில்தான் அண்டார்க்டிகா போனார்கள். பனிக்கடலில் போகும் கப்பல் கட்டத் திமிங்கல வேட்டை ஊரை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்? உள்ளே ஏணிப்படிகள் செங்குத்து, அம்மாவுக்குச் சிரமம். பக்கத்தில் வி அண்ட் ஏ என்ற வடிவமைப்பு அருங்காட்சியகம், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா கட்டியது, 2018இல் திறந்தது. வெளியே கல்பலகைகளை வரிவரியாக அடுக்கி, கடலோரப் பாறை மாதிரி ஆக்கியிருக்கிறார். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, லிஃப்ட் உண்டு, உட்கார இடமும் உண்டு.

யாழ்_கிளாஸ்கோ · மார்ச் 10

அக்கா எல்லாம் சொல்லிப்போட்டா. நான் ரயில் கதையை மட்டும் சொல்லுறன்.

எடின்பரோவில ஏறேக்க வலப்பக்க யன்னலாப் பார்த்து இருங்கோ. முதல்ல ஃபோர்த் பாலம், 1890இல கட்டினது, செம்மண் நிற உருக்கு. பிறகு கொஞ்ச நேரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலயே கடல். கடைசியில டே ஆத்துக்கு மேல டே பாலம், மூன்று கிலோமீட்டருக்கு மேல நீளம், ரயில் மெதுவாத்தான் போகும். அப்ப கீழ பாருங்கோ. தண்ணிக்குள்ள வரிசையாக் கல் அடித்தளங்கள் மொட்டையா நிக்கும்.

அதுதான் பழைய பாலம். 1878இல திறந்து, அடுத்த வருசமே டிசம்பர் 28, ஞாயிறு இரவு, புயலில நடுப்பகுதி விழுந்தது, மேல ஓடிக்கொண்டிருந்த ரயிலோட. ஒருத்தரும் தப்பேல்லை. பாலத்தை வடிவமைச்ச தாமஸ் பவுச் அந்த வருசம்தான் விக்டோரியா மகாராணியிட்ட சர் பட்டம் வாங்கினவர். விசாரணையில, வடிவமைப்பு பிழை, கட்டினது பிழை, பராமரிப்பும் பிழை எண்டு முடிவு. அடுத்த வருசம் மனுசன் செத்தும் போனார். ஆத்துக்குள்ள கிடந்த எஞ்சினைத் தூக்கித் திருத்தித் திரும்ப ஓட விட்டவை. சனம் அதுக்கு வைச்ச பேர் "டைவர்", முக்குளிக்கிறவன்!

தாமிரபரணிக்காரன் · மார்ச் 11

படித்ததும் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வந்தது தம்பி. 1964, அதுவும் டிசம்பர்தான். வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பாலத்து மேலயா நாம போகணும்?" என்கிறாள். புதுப் பாலம் 1887இலிருந்து நிற்கிறது என்று கூகுளில் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனாள்.

டண்டீயிலேயே அறை எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஊர்சுற்றி தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊர்சுற்றி · மார்ச் 11

கோபமெல்லாம் இல்லை. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்காவிட்டால்தான் கோபம் வரும். பாழடைந்த பேராலயம், கடலோரக் கோட்டை, கோல்ஃப் மைதானம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பழைய மைதானத்தில் பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு குறுக்கே நடப்பார்கள். கோல்ஃபின் காசி என்று சொல்லும் இடத்தில் குழந்தைகள் பந்து உருட்டுவதைப் பார்க்கலாம். கோட்டையில் 1546-47 முற்றுகையின்போது ஒரு தரப்பு வெட்டிய சுரங்கமும் அதை மறிக்க மறுதரப்பு வெட்டிய எதிர்ச்சுரங்கமும் இருக்கின்றன. குனிந்து, சில இடத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும். அண்ணி மேலேயே காற்று வாங்கட்டும்.

கரும்பலகை · மார்ச் 12

ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன் நடுவில் மூக்கை நுழைக்கலாமா?

செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறவர்கள் கோல்ஃபையும் இளவரசர் வில்லியம் படித்த பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சௌத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கிறது. முன்னால் புல்வெளி, அதில் இடிந்த தேவாலயம் ஒன்றின் மிச்சம் நிற்கும். அந்தப் பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

ஆமாம், நம் மெட்ராஸ்தான்.

ஆண்ட்ரூ பெல் என்பவர் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753இல் பிறந்த நாவிதர் மகன். பாதிரியாராகி 1787இல் மெட்ராஸ் வந்தார். எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது. அங்கிருந்த ஆசிரியர்கள் எதற்கும் அசையவில்லை. அப்படி இருக்கும்போது ஒரு நாள், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்! அதையே தன் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர் மறுக்கவே, தேறிய பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நன்றாக நடந்தது. 1797இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் பரவியது. கடைசியில் பிறந்த ஊருக்குச் சொத்தை எழுதிவைத்து, 1833இல் இந்தப் பள்ளி தொடங்கியது. பள்ளி 2021இல் வேறு வளாகத்துக்குப் போய்விட்டது. பெயர் மாறவில்லை. அந்த ஃபைஃப் வட்டாரத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் "மெட்ராஸில் படிக்கிறேன்" என்கிறார்கள். நம் ஊரில்தான் பெயரை மாற்றிவிட்டோம்.

ஊர்சுற்றி · மார்ச் 12

அந்தத் தெருவில் இரண்டு தடவை நடந்திருக்கிறேன், பார்க்கவே இல்லை! ஆனால் ஐயா, சட்டாம்பிள்ளை வைத்துப் பாடம் நடத்துவது நம் திண்ணைப் பள்ளியில் காலங்காலமாக இருந்ததுதானே? நம்மிடம் எடுத்துக்கொண்டு போய்த் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கரும்பலகை · மார்ச் 13

அவ்வளவுதான் என்று முடித்துவிட முடியாது. மணலில் எழுதுவதை இங்கே பார்த்துத்தான் எடுத்தேன் என்று பெல்லே எழுதியிருக்கிறார். பெயரிலும் மெட்ராஸை வைத்தார், தன் பெயரை வைக்கவில்லை. சட்டாம்பிள்ளை விஷயத்தில்தான் உங்கள் கோபம் நியாயம். அதைத் தானே யோசித்ததாகச் சொல்லிக்கொண்டார். ஜோசஃப் லங்காஸ்டர் என்பவரோடு, யார் முதலில் கண்டுபிடித்தது என்று ஆயுள் முழுக்கச் சண்டை வேறு. இரண்டு வெள்ளைக்காரர்கள் இப்படி அடித்துக்கொண்டபோது, பிரம்பும் கையுமாகச் சட்டாம்பிள்ளை நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

எனக்கு இன்னொன்று உறுத்தும். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு மிச்சம் என்பதுதான் அங்கே பலருக்குப் பிடித்துப்போன காரணம். திண்ணையில் வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்து எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

நடுகல்நேசன் · மார்ச் 14

வண்டி வாடகைக்கு எடுக்க முடிந்தால் ஒரு நாள் வடக்கே ஆங்கஸ் பக்கம் போங்கள். அபர்லெம்னோ என்ற சின்ன ஊர். சாலையோரத்திலும் தேவாலய மதிலுக்குள்ளும், ஸ்காட்லாந்தின் பண்டைய குடிகளான பிக்ட் மக்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டு பழமையான கற்கள் நிற்கின்றன. மதிலுக்குள் இருக்கும் கல்லின் ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் போர்க்காட்சி. குதிரை வீரர்கள், ஈட்டி ஏந்திய காலாட்கள், கடைசியில் விழுந்து கிடப்பவனைக் கொத்தும் பறவை. நம் ஊர் நடுகல்லின் முன் நின்று பழகிய கண்ணுக்கு அந்தப் பறவை என்னவோ செய்யும். 685இல் பக்கத்தில் நடந்த போரைத்தான் செதுக்கியிருக்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள். கட்டணமும் கிடையாது, காவலும் கிடையாது. குளிர்காலத்தில் மட்டும் மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் போவது ஜூன், கவலை இல்லை.

வழியில் ஃபார்ஃபர். அங்கே பிரைடி என்று ஒரு பதார்த்தம், நம் சோமாசியைப் பெரிதாக்கி உள்ளே மாட்டிறைச்சி வைத்தது போல. மேலே ஒரு ஓட்டை இருந்தால் வெறும் கறி, இரண்டு இருந்தால் வெங்காயமும் உண்டு. பக்கத்தில் கிளாமிஸ் என்று எழுதிக் கிளாம்ஸ் என்று சொல்லும் கோட்டை இருக்கிறது. ராஜ குடும்பத்தில் ஆர்வம் இருந்தால் போகலாம், எனக்கு இல்லை.

டே_நதிக்கரை · மார்ச் 14

கடைசியாக நடைமுறை விஷயங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை. டண்டீ பஸ் நிலையத்தில் (ஊர்சுற்றி நின்ற அதே இடம்) 99ஆம் எண் பஸ் ஏறினால் டே சாலைப் பாலத்தைக் கடந்து முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், வெளிச்சத்தை நம்பிக் கடைசி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். ஸ்வெட்டரும் காற்றுக்குத் தாங்கும் மேல்கோட்டும் கட்டாயம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து திடீரென்று ஒரு மூடுபனி ஏறி வரும், இங்கே அதற்கு "ஹார்" என்று பெயர். பத்து நிமிடத்தில் எதிரில் இருக்கும் பாலம் காணாமல் போகும்.

அம்மா மீன் பிரியர் என்றால் ஆர்ப்ரோத் போகாமல் வந்துவிடாதீர்கள். ரயிலில் இருபது நிமிடம்தான்.

தாமிரபரணிக்காரன் · ஜூலை 6

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டுமே.

ரயிலில் வலப்பக்கமே உட்கார்ந்தோம். டே பாலத்தில் அந்த மொட்டை அடித்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, முடியவே இல்லை. வீட்டுக்காரி எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். கரை ஏறும்வரை பேசவில்லை.

கேர்ட் ஹாலில் ஆர்கன் முழங்கியபோது பெஞ்சே அதிர்ந்தது. மகள் பெயரை அவர்கள் வாசித்த லட்சணத்தில் அவள் எழுந்து நடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் ஜேம்ஸ் கேர்ட் கதையை அவளிடம் சொன்னேன். "நாலு வருஷமா இந்த வழியாத்தான் பரீட்சைக்குப் போறேன், எனக்குத் தெரியாதேப்பா" என்றாள். மறுநாள் வெர்டன்ட் வொர்க்ஸுக்கு அவளே கூட்டிப்போனாள். தறி ஓடும்போது அம்மாவும் மகளும் கைச்சைகையில் பேசிப் பார்த்தார்கள். என்னைப் பற்றித்தான் ஏதோ பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் அக்கா எச்சரித்தது அப்படியே நடந்தது. பேராலயத்துக்குள் நுழையும்போது நல்ல வெயில், ஐஸ்கிரீம் வாங்கலாமா என்று பேசிக்கொண்டு போனோம். வெளியே வரும்போது தெருமுனை தெரியவில்லை. அந்த மூட்டத்திலேயே சௌத் ஸ்ட்ரீட்டில் தடவித் தடவி நடந்தோம். முதலில் இடிந்த தேவாலயத்தின் சுவர், பின்னால் மங்கலாகப் பள்ளிக்கூடம். ஐயா சொன்ன இடம். நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கப்பள்ளி, என் தாத்தாதான் திண்ணையில் மணலில் எழுதிப் படித்தவர். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வழியாக ஒரு பெண் சைக்கிளில் வந்து நின்று, வழி தெரியவில்லையா என்று கேட்டாள். "நாங்கள் மெட்ராஸ் பக்கம்" என்றேன். "நானும் மெட்ராஸ்தான்!" என்றாள். அந்தப் பள்ளியில் படித்தவளாம். இரண்டு பேரும் எதைச் சொல்கிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அபர்லெம்னோவுக்கு வண்டி கிடைக்கவில்லை. முன்பதிவு செய்திருந்த வாடகை நிறுவனம் காலையில் கையை விரித்துவிட்டது. நடுகல்நேசன் மன்னிக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஆர்ப்ரோத் போனோம். மடாலயத்தின் செங்கல் நிறச் சுவர்களைப் பார்த்தோம். 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள், எங்களை இங்கிலாந்து ஆள வேண்டாம் என்று போப்பாண்டவருக்குக் கடிதம் அனுப்பிய இடம். வீட்டுக்காரி பத்து நிமிடத்தில், "துறைமுகம் எந்தப் பக்கம்?" என்றாள்.

அங்கே ஸ்மோக்கி என்ற புகைமீன். வாலோடு வாலாக இரண்டிரண்டாகச் சணல் கயிற்றில் கட்டிய ஹாடக் மீன். சூடாகக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மேல்தோல் பழைய செம்புக் குடம் நிறம். கையால் பிளந்ததும் நடுமுள் அப்படியே எழும்பி வந்தது, உள்ளே பால்நிறச் சதை, ஆவி பறக்கிறது. கருவாடு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், கிடையாது. அவித்த மீனின் மென்மை, அதில் விறகுப் புகை வாசம். வீட்டுக்காரி ஒரு ஜோடியை முடித்துவிட்டு, இரண்டாவது ஜோடியைப் பிரித்துப் பெஞ்சில் வைத்த நொடியில் கடல்புறா ஒன்று வந்து ஒரு மீனை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் திட்டிய திட்டு அந்தத் துறைமுகம் இதுவரை கேட்டிருக்காது. ஊர்சுற்றி தம்பி, நீங்கள் கண்டது உண்மைதான்.

மறுபடி வாங்கப் போனபோதுதான் அந்தக் கடைக்காரர் புகை போடுவதைக் காட்டினார். பீப்பாயின் அடியில் விறகு எரிகிறது, மேலே கழியில் மீன் ஜோடிகள் தொங்குகின்றன. காற்று புகுந்து தீ கொழுந்துவிடக் கூடாது என்பதற்காக, தண்ணீரில் முக்கிய துணியை வாயைச் சுற்றி அமுக்கி மூடினார். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோணிச்சாக்கு.

டே_நதிக்கரை · ஜூலை 6

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அடுத்த தடவை வரும்போது வீட்டுக்கு வாருங்கள், ஸ்மோக்கி போட்டுப் புளிக்குழம்பு வைப்பேன்.

தாமிரபரணிக்காரன் · ஜூலை 7

முழங்கால் பரவாயில்லைம்மா. புகைமீனில் புளிக்குழம்பா என்று இப்போதே சண்டைக்கு வருகிறாள். செய்முறையை அனுப்பி வை.